ஒழுகும் அணையும் ஒரு கம்புக்காரரும்

மூன்றாவது வாய்ப்பு என்று பலகையில் எண் மாறியதுமே ஆர்வில் டெங்கல் இடது முழங்காலை லேசாக மடக்கி, கையிலிருக்கும் ஆரஞ்சுக் கம்பைப் புல்லிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிக்கொள்வார். பந்து இன்னும் கிளம்பியிருக்காது. எதிரணிக்காரர்கள் குனிந்த குனிவில்தான் இருப்பார்கள். அரங்கம் நிறைந்த ஜனம் "தடு! தடு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். ஆர்வில் மட்டும், ரயில் வருவதற்கு முன்பே பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்ட பயணியைப் போல, நடக்கத் தயாராக நிற்பார்.

பத்து கஜம் தள்ளிப் பின்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மேவிஸ் டூபே என்ற பெண்மணி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அந்தக் கூச்சலில் பேசினால் காதில் விழாது என்பதால் இரண்டு கம்புக்கும் நடுவில் ஓடுகிற சங்கிலியை ஒரு சுண்டு சுண்டுவார். 'இறக்கு' என்று அர்த்தம். ஆர்வில் இறக்குவார். ஆட்டம் நின்று இருவரும் அருகருகே வரும்போது மேவிஸ் பிடித்துக்கொள்வார்.

"யோவ், பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஏன்யா தூக்கறே? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எப்படியும் தூக்கத்தானே போறேன் மேவிஸ். கொஞ்சம் முன்னாடி தூக்கினா முழங்காலுக்கு நல்லது."

இந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் கணக்கு எளிது. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறிவிட்டால் புதிதாக இன்னும் நான்கு. முன்னேறவில்லை என்றால் பந்து அடுத்தவனுக்கு. அந்தப் பத்து கஜம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மைதானத்தின் ஓரத்தில் கம்பும் சங்கிலியுமாக நின்று காட்டுவதுதான் ஆர்வில், மேவிஸ் கூட்டத்தின் வேலை. தடுப்பாட்டக்காரர்கள் தடுத்தால் கம்புக்காரர் நிற்கலாம். தடுக்காவிட்டால் நடக்கவேண்டும். கெட்டில் ஹார்பர் நகரத்து மரவெட்டிகள் அணியின் மைதானத்தில் கம்பு பிடிக்கும் ஆர்வில், இரண்டு வருஷமாக நடந்துகொண்டே இருக்கிறார்.

வார நாட்களில் அவர் மாவட்டச் சாலைத் துறையில் ஆள். கோடையில் சாலைக்கு வெள்ளைக்கோடு போடுவார், பனிக்காலத்தில் அந்தக் கோட்டின் மேல் விழுந்த பனியை வண்டியோட்டி வழிப்பார். ஐம்பத்தெட்டு வயது, நீள முகம், பேசுவதற்கு முன் ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் பழக்கம். எந்தச் சாலையில் போனாலும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவதால் கிளெண்டா அவரை ஓட்டவிடுவதில்லை. கிளெண்டா, அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் அவர்தான் வண்டியோட்டி வந்து, அரங்கத்தின் வண்டி நிறுத்தும் திடலில் இடம் பிடித்து, அடுப்பு மூட்டி, மான்கறி சாசேஜைச் சுட்டு, ரேடியோவைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்வார். உள்ளே போக அவரிடம் சீட்டு இல்லை. கெட்டில் ஹார்பரில் சீட்டுக்குப் பெயர் பதிந்து வைத்தால் பேரனுக்குக் கிடைக்கலாம். ஊரில் ஆட்டத்தை உள்ளேயிருந்து பார்க்க ஆர்வில்லுக்கு இருக்கும் ஒரே வழி அந்தக் கம்புதான். இருபது வருஷத்துக்கு மேலாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அணையைப் பற்றிச் சொல்லாமல் ஆர்வில்லைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரவெட்டிகளின் முதலாளிகளுக்கு ஒரு ஞானம் பிறந்தது. புள்ளி எடுக்க ஆள் தேடுவதை விட்டுவிட்டு, எவனும் நம்மிடம் புள்ளி எடுக்காதபடி செய்துவிட்டால் என்ன? இருந்த பணத்தையெல்லாம் தடுப்பாட்டத்தில் கொட்டினார்கள். தெற்கிலிருந்து டெக்ஸ்டர் வில்லபி என்ற மலையைக் கொண்டுவந்தார்கள். மேற்கிலிருந்து காற்றாய் ஓடுகிற ஒருவன் தனி விமானத்தில் வந்து இறங்கினான். கல்லூரிப் பையன் ஒருவனுக்காக, வருங்காலத்தில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை இப்படிச் சேர்ந்த ஐந்து பேர் கூட்டத்துக்கு 'அணை' என்று பெயர் வைத்தது. வாகனக் கொட்டகைக்குக் கதவு செய்து விற்கும் ஒரு கம்பெனி, ஐந்து பேரையும் கை கட்டி நிற்கவைத்துப் படம் பிடித்து, 'இதைத் தாண்டி எவனும் நுழைய முடியாது' என்று நெடுஞ்சாலையோரம் பெரிய பலகை வைத்தது.

நான்காவது வாரம் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். கதவு வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்களாம்.

என்ன குறை என்று யாருக்கும் தெரியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவனும் சூரன். ஐந்து பேரும் ஒன்றாக நின்றால் ஒருவன் விட்டதை அடுத்தவன் பிடிப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்வான், எதிரணிக்காரன் இருவருக்கும் நடுவில் கடைத்தெருவுக்குப் போகிறவன் மாதிரி போவான். வாரா வாரம் வில்லபி பத்திரிகைக்காரர்களின் மைக்குகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அந்தப் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "தப்பு எங்க மேலதாங்க. அடுத்த வாரம் சரி பண்ணிடுவோம்" என்பான். நல்ல பையன். அதனால்தான் ஊருக்கு இன்னும் கோபம். திட்டவும் மனசு வராமல், திட்டாமலிருக்கவும் முடியாமல் தவித்தார்கள். "மதகைத் திறந்துட்டாங்கப்பா" என்பது சந்தையிலும் முடிவெட்டும் கடையிலும் வாடிக்கையான சொல்லாகிவிட்டது. வீட்டுக் குழாய் ஒழுகினாலும் "வில்லபியைக் கூப்பிடு" என்றார்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன், சாசேஜைக் கடித்துக்கொண்டே ஆர்வில் அவர்களை "நம்ம பசங்க" என்பார். இடைவேளையில் அது "அவனுங்க" ஆகியிருக்கும். வீடு திரும்பும்போது பெயரே இருக்காது, "அதுங்க" என்று ஒரு கையசைப்பு மட்டும்தான்.

இதில் பெரிய தண்டனை, கம்புக்காரர்களுக்கு வாயும் இல்லை, முகமும் இல்லை என்பது. ஊர்க்காரர்களாக இருந்தாலும் சட்டையைப் போட்டுவிட்டால் அவர்கள் யார் பக்கமும் இல்லை. கை தட்டக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. இந்த விரதத்தை இருபது வருஷம் ஒழுங்காகக் காத்த ஆர்வில், போன அக்டோபரில் வழுக்கினார். இருபது கஜம் தேவைப்பட்ட எதிரணிக்கு அணை இருபத்தொன்று கொடுத்தது. ஆர்வில் தலையில் அடித்துக்கொண்டு, "அட கடவுளே, காலையாவது பிடிச்சுத் தொலைங்கடா!" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு தொலைக்காட்சிக் கேமரா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊரே பார்த்துவிட்டது. மளிகைக் கடையில் பை கட்டுகிற பெண், அவரைக் கண்டதும் தலையில் அடித்துக்காட்டிச் சிரித்தாள். ஆனால் லீக்கிலிருந்து வந்த கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. "டெங்கல், உங்க வருத்தம் எனக்குப் புரியுது. என் மச்சானும் இந்த ஊர்தான். ஆனா இன்னொரு தடவை எந்த நடுவராவது உங்களைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் போதும், சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடணும்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி தொடங்கியது. இரவுச் சாப்பாட்டின்போது கிளெண்டா கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஆட்டம் சொல்வார். ஆர்வில் உருளைக்கிழங்கு மசியலைப் பார்த்தபடி முகத்தை அசைக்காமல் இருக்கவேண்டும்.

"மூணாவது வாய்ப்பு. பதினெட்டு கஜம் வேணும். வீசறான்... வில்லபி வழுக்கி விழுந்துட்டான்... ரெண்டாவது ஆளு அவன் மேலயே விழுந்துட்டான்... புருவம் ஆடுது ஆர்வில்."

"ஆடலை."

"ஆடிச்சு. இடது புருவம். மறுபடியும் முதல்லேருந்து."

ஒரு மாதத்தில் ஆர்வில் தேறிவிட்டார். எப்பேர்ப்பட்ட அவமானத்தைச் சொன்னாலும் முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஒருநாள் அவரே கேட்டார்: "நல்ல சேதிக்கும் ஒரு ஒத்திகை பார்த்துடலாமா கிளெண்டா? திடீர்னு நம்மாளுங்க நல்லா ஆடிட்டா?"

"அதுக்கு என்ன இப்ப அவசரம்?" என்று கிளெண்டா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சங்கிலிக் கூட்டம் நிற்பது வெளியூர் அணியின் பக்கம். அது வேறு வேதனை. ஆர்வில்லுக்குப் பின்னால் எதிரணியின் பெஞ்சு. ஆட வாய்ப்புக் கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பயல்களுக்கு அவரைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

"பெரியவரே, உங்க ஊர்ல ஏதோ அணை இருக்குன்னாங்களே, எந்தப் பக்கம்? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

"டேய், அவரைத் தொந்தரவு பண்ணாதே. டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருக்காரு. நம்ம ஆளுங்கதான் அவருக்கு உதவி பண்றாங்க."

"கால் வலிக்குதா தாத்தா? கம்பை இங்க குடுத்துட்டு நேரா கடைசிக் கோட்டுக்கிட்ட போய் நின்னுக்குங்க. நாங்க எப்படியும் அங்கதான் வரப்போறோம்."

ஆர்வில் புல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பார். உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் அத்தனை பதில்களையும் கிளெண்டாவிடம் சொல்லித் தீர்த்துவிடுவார்.

போன டிசம்பரில் வந்தது அந்தக் கடைசி ஆட்டம். காலையிலிருந்து மழை. ஜெயித்தால் மரவெட்டிகளுக்கு அடுத்த சுற்று உண்டு, தோற்றால் பருவம் அன்றோடு முடிந்தது. புள்ளி எடுக்கும் முன்னாட்டக்காரர்கள் எப்படியோ முட்டிமோதி மூன்று புள்ளி முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தை அணையின் கையில் ஒப்படைத்தார்கள். அரங்கத்தில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். வெளியே திடலில் கிளெண்டா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

வழக்கம் போல எதிரணி வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆர்வில் நடந்தார், மேவிஸ் நடந்தார். கடைசியில் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு மிக அருகில், நான்காவது வாய்ப்பு, இன்னும் அரைக் கஜம் வேண்டும். கிடைத்தால் அவர்களுக்குப் புதிதாக நான்கு வாய்ப்பு, ஆட்டம் முடிந்த மாதிரிதான். கிடைக்காவிட்டால் பந்து மரவெட்டிகளுக்கு, வெற்றியும் அவர்களுக்கே. ஆனால் அரைக் கஜத்தைத் தடுப்பதாவது! அணை அந்த வருஷம் முழுக்க அரைக் கஜத்தைத் தடுத்ததாக ஆர்வில்லுக்கு நினைவில்லை.

பந்து கிளம்பியது. எதிரணியின் தடியன் ஒருவன் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடுவில் பாய்ந்தான். ஐந்தாறு பேர் ஒரே குவியலாக விழுந்தார்கள். ஆர்வில் குவியலைப் பார்க்கவே இல்லை. முழங்கால் மடங்கியது, கம்பு எழும்பியது, கால் கிளம்பிவிட்டது. சங்கிலியின் மறுமுனையில் நின்ற மேவிஸ், எதிர்பாராத இழுப்பில் தடுமாறிக் கம்போடு நாலு எட்டு ஓடி வந்தார்.

"யோவ்! நில்லுய்யா! நில்லு!"

ஆர்வில் நின்றார். அப்போதுதான் அரங்கம் அமைதியாக இருப்பது அவருக்கு உறைத்தது. தோற்ற ஊரின் அமைதி அவருக்கு நன்றாகத் தெரியும். இது அதில்லை. குவியலுக்குள் கைவிட்டுப் பந்தைத் தேடிய நடுவர் நிமிர்ந்து, இரண்டு கையாலும் சங்கிலி பிடிப்பது போலக் காட்டினார். அளக்கவேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கம்.

ஆர்வில் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

எதிரணியின் பயிற்சியாளர் அதற்குள் பார்த்துவிட்டார். காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்தார். "கம்பை நகர்த்திட்டான்! முன்னாடி நகர்த்திட்டான்! எங்களுக்குத் தூரத்தைக் கூட்டிட்டான்! இவன் அவங்க ஊர்க்காரன் சார், திட்டம் போட்டுப் பண்ணியிருக்கான்!" பெஞ்சிலிருந்த பயல்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தாத்தா என்று சீண்டியவன்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான்: "திருட்டுக் கிழவன்!"

ஓர நடுவர் வந்தார். காதோரம் நரைத்த, மெலிந்த ஆள். சட்டைப்பையில் ஒரு சின்னப் பென்சில். அந்தப் பென்சிலைத் தவிர வேறெதுவும் ஆர்வில்லின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வரி போதும். அடுத்த பருவத்தில் திடலில் கிளெண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்கவேண்டியதுதான். இருபது வருஷம் நின்ற புல்லை இனி சுவருக்கு வெளியேயிருந்து கற்பனை செய்துகொள்ளலாம்.

"ஏன் நகர்த்தினீங்க? நான் கை காட்டலையே."

மூக்கை உறிஞ்சினார் ஆர்வில். மறுபடி உறிஞ்சினார். கால் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மழையின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் தோன்றவில்லை, உண்மையைத் தவிர.

"அவங்க தடுப்பாங்கன்னு நான் நினைக்கலை சார்."

"என்னது?"

"எங்காளுங்க சார். ரெண்டு வருஷமா பார்க்கறேன். எப்படியும் விட்டுடுவாங்க, நடக்கத்தான் போறோம்னு... கால் தானா கிளம்பிடுச்சு."

எதிரணிப் பயிற்சியாளர் திறந்த வாயை மூடவில்லை. இவ்வளவு நம்பிக்கையில்லாத ஒருவனைக் கள்ள ஆட்டக்காரன் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார். அளப்பதைப் பார்க்க ஓரத்துக்கு வந்திருந்த டெக்ஸ்டர் வில்லபியின் காதிலும் அது விழுந்துவிட்டது. முகமெல்லாம் சேறு, தலைக்கவசக் கம்பியில் ஒரு பிடி புல். பாவம், அவன் தோள் இறங்கிவிட்டது.

"அட, நீங்க கூடவா பெரியவரே?"

ஆர்வில்லின் காது நுனி சிவந்துபோயிற்று. இத்தனை நாளும் அந்தப் பையன்களைத் திட்டிய திட்டு ஒன்றுகூட அவருக்கு வெட்கமாக இருந்ததில்லை, இது இருந்தது.

ஓர நடுவர் சிரிக்கவில்லை. உதட்டை ஒருமுறை உள்ளே மடித்துக்கொண்டார், அவ்வளவுதான். "கிளிப் எங்க?" என்றார்.

சங்கிலிக் கூட்டத்தில் மூன்றாவது ஆள் எல்வுட். மருந்துக்கடைக்காரர். சங்கிலி மைதானத்து வெள்ளைக்கோடு ஏதாவது ஒன்றைத் தாண்டும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கிளிப்பை மாட்டிவைப்பது அவர் வேலை. கம்பு ஓடினாலும் கிளிப்பை வைத்து இடத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம், எந்தக் கோடு என்று தெரிந்தால். சங்கிலி காலடியில் ஓடியபோதும் எல்வுட் அசையாமல் அந்தக் கோட்டின் மேலேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "இங்கதான் சார். நான் நகரலை," என்றார். "இவர் நடக்கறதைப் பார்த்துப் பார்த்துப் பழகிட்டேன்."

நடுவர் தலையாட்டினார். சங்கிலியை மைதானத்துக்குள் எடுத்துப்போனார்கள். எல்வுட் கிளிப்பை அந்தக் கோட்டில் வைத்து அழுத்திக்கொண்டார், மேவிஸ் பின்னால் இழுத்துப் பிடித்தார், ஆர்வில் தன் கம்பைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் செங்குத்தாக நிறுத்தினார். சங்கிலி விறைத்தது. வில்லபி சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து கோயிலில் பார்ப்பது போலப் பார்த்தான். எதிரணிப் பயிற்சியாளரும் குனிந்து பார்த்தார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஆர்வில்லுக்குக் கம்பை நேராகப் பிடிப்பதுதான் பெரிய கவலை. சாய்ந்தால் அதற்கும் ஓர நடுவர் ஒரு வரி எழுதுவார்.

பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. ஒரு விரல் நுழையும். இரண்டு விரல் நுழையாது.

நடுவர் எழுந்து கையை எதிர்ப்பக்கமாக நீட்டினார். பந்து மரவெட்டிகளுக்கு.

அரங்கம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அணையின் ஐந்து பேரும், இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, ஒருவர் மேல் ஒருவர் வேண்டுமென்றே விழுந்தார்கள். வில்லபி குவியலிலிருந்து பிய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி ஓரத்தை நோக்கி ஓடிவந்தான்.

"பார்த்தீங்களா பெரியவரே! பார்த்தீங்களா! இப்ப சொல்லுங்க!"

ஓர நடுவர் வில்லபியைப் பார்க்கவில்லை, ஜனத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் விரலை வைத்துக்கொண்டு ஆர்வில்லின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்வில்லின் உதட்டோரம் ஒருமுறை துடித்தது. கன்னம் தன்பாட்டுக்கு மேலே போகப் பார்த்தது. கண்ணில் வேறு தண்ணீர் கட்டிக்கொண்டது.

சட்டென்று கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈரப் புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். தலையை மார்போடு கவிழ்த்துக்கொண்டு, ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பக்கத்தில் நின்ற மேவிஸ் குனிந்து பார்த்தார். மழைநாள் என்பதால் ஆர்வில் அன்று போட்டுக்கொண்டு வந்திருந்தது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். விரல்கள் அதன் வழுவழுப்பான முகப்பில் இல்லாத கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.